வீட்டுக்கு ஓர் ஆள்

விதைக் கிடங்கு வாசல் வரைக்கும் வந்து ஊர்த் தப்புக்காரன் பாவாடை தப்படித்துவிட்டுப் போனான் என்று இராசமலர் சொன்னதும், கண்ணகிக்கு மொபெட்டை விட்டு இறங்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்லேரிக்கு வரும் வழியெல்லாம் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். இத்தனை பெரிய போராட்டத்தில் முகாமில் இருக்கும் பன்னிரண்டு குடும்பம் யார் கண்ணில் படப்போகிறது, ஊர் மறந்துவிடும் என்று. ஊர் மறக்கவில்லை.

"வியாழக்கிழமையிலயிருந்து ஒரு கிழமைக்கு றோட்டு மறியலாம். வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயமாம். தெண்டம் கட்டித் தப்ப ஏலாதாம், ஆள்தான் வேணுமாம்," என்றாள் இராசமலர். இடுப்பில் இருந்த குடத்தை இறக்கி வைக்கவும் மறந்திருந்தாள். "இவர் மரம் தறிக்க எண்டு நேற்றே கோடாலியைத் தீட்டி வைச்சிட்டார், அக்கா."

இவர் என்றது அவள் கணவன் யோகராசாவை. மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. மண்டபம் முகாமில் சில வாரம், பிறகு ஒரு பேருந்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சாக்குப் படுதாவால் பன்னிரண்டாகத் தடுத்த பழைய விதைக் கிடங்குதான் முகாம். அதன் கூரையில் அவரைக் கொடிகூட ஏற்றிவிட்டிருந்தாள் இராசமலர். போன ஆடியில் இலங்கையில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து, டீக்கடையில் எல்லாரும் அவர்களைப் பார்த்து எப்பக் கெளம்பறீங்க என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்குமேல் ஓர் அதிகாரி முகாமுக்கே வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். போலீஸ் வழக்கில் ஒருவன் பெயர் வந்தாலும் அந்தக் குடும்பத்தின் பதிவு அட்டை போய்விடும், முதல் கப்பலில் ஏற்றிவிடுவோம் என்று. இராசமலரின் அண்ணனை அவர்கள் ஊரில் பட்டப்பகலில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பவில்லை. கப்பல் என்ற சொல்லைக் கேட்ட அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

கண்ணகி கருணாபுரம் காலனியில் கூலிக்காரர் வீட்டில் பிறந்து, பள்ளி இறுதி வரை படித்து, நகரத்தில் இருந்த ஒரு சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே அவள் வேலைக்குத் தொடர்பாளர் என்று பெயர். முகாமையும் ஊரையும் சேர்த்து வைக்க வேண்டும். முதல் வருடம் அதைச் சந்தோஷமாகச் செய்தாள். இரண்டாம் வருடம் பிடிவாதமாகச் செய்தாள். மூன்றாம் வருடம், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருப்பது போல ஆகிவிட்டது. குழாயடியில் ஒரு சண்டை, பள்ளிக்கூடத்தில் ஒரு சண்டை, ஆடு மேய்ந்ததற்கு ஒரு சண்டை. எல்லாவற்றுக்கும் அவள்தான் இரண்டு பக்கமும் போய்ப் பேச வேண்டும். சேவை மையத்தின் பெரியவர் வருடத்துக்கு ஒருமுறை வந்து, அருமையாகச் செய்கிறாயம்மா என்று சொல்லிவிட்டுப் போவார்.

உண்மையில் அவள் அருமையாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. கல்லேரியில் எந்தப் பொதுவேலைக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் என்பதுதான் முறை. ஏரிக்கரை உடைந்தாலும், மாரியம்மன் தேர் இழுப்பதென்றாலும், கூலி கிடையாது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். வந்து நிற்கிற வீடுதான் ஊர். அந்த வீட்டுக்குத்தான் குழாய்த் தண்ணீரில் முறை உண்டு, ஏரி வற்றும்போது பிடிக்கிற மீனில் கூறு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் கரை உடைந்தபோது, யாரும் கூப்பிடாமலே முகாமின் பன்னிரண்டு ஆண்களையும் மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள் கண்ணகி. இவங்களையும் எண்ணிக்கோங்க என்று நாட்டாமையிடம் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எண்ணினார். அடுத்து வந்த கோடையில் மீன் கூறு போட்டபோது வாழையிலையில் பன்னிரண்டு கூறு கூடுதலாக விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் அழுதாள். நன்றாகத் தூங்கினாள்.

அப்படி எண்ண வைத்ததுதான் இப்போது கோடாலியாகத் திரும்பி வந்திருந்தது.

நாட்டாமை வேடியப்பன் களத்துமேட்டில் நான்கு பேரோடு உட்கார்ந்து, எந்தப் புளிய மரத்தை எங்கே சாய்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டு, உட்காரும்மா என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அட்டை, அதிகாரி, கப்பல். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீதானம்மா எண்ணச் சொன்ன," என்றார் கடைசியில். "நானா கூப்ட்டேன்?"

"அது ஏரி வேலைங்க."

"ஏரின்னா நம்ம ஊரு, ரோடுன்னா வேற ஊரா? எம் பையன் இளஞ்செழியன் பி.எஸ்சி. முடிச்சிட்டு கரும்பு லாரிக்கு லோடு ஏத்திக்கினு இருக்கான். இந்த ஊர்ல வூட்டுக்கு ஒண்ணு அப்படி இருக்குது. படிப்புலயும் வேலையிலயும் எங்களுக்குன்னு எடம் ஒதுக்கச் சொல்லித்தான் போறோம். போலீசு எங்களுக்கு மட்டும் பூமாலையா போடப்போவுது?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் அயர வைத்தது. அடித்துப் பேசுகிற ஆளாக இருந்தால் அவளும் அடித்துப் பேசியிருப்பாள்.

"வர முடியாதுன்னா அவங்களே வந்து சபையில சொல்லட்டும்," என்றார் வேடியப்பன். "எண்ணிக்கையிலேருந்து எடுத்துடறோம். கோவம்லாம் இல்ல. ஆனா அதுக்கப்பறம் ஏரிக்கு எண்ணு, மீனுக்கு எண்ணுன்னு நீ வந்து நிக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ண அவங்க சொல்லட்டும், நீ சொல்லாத."

திரும்பி வரும்போது ஊருக்கு வெளியே, காலனித் திருப்பத்தில், பாவாடை வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். நின்று தண்ணீர் கேட்டாள். செம்பை நீட்டிவிட்டு அவன் சிரித்தான்.

"நானு தப்படிச்சி சொல்ற கணக்குல எங்க வூடு இல்ல, தெரியுமா? எங்க அப்பன் வூடும் இல்ல, அவன் அப்பன் வூடும் இல்ல. கடலத் தாண்டி வந்தவங்க வூடு இருக்குது. நல்லாத்தான் சேத்துவுட்ட போ."

பொறாமையில் சொல்லவில்லை. பகடியாகத்தான் சொன்னான். அவள் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். ஊர் என்று அவள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தாளோ, அதன் எல்லை இந்தத் திருப்பத்தோடு முடிந்துவிடுகிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கருணாபுரத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடைத்த கதவைத் தட்டினாள், அவ்வளவுதான்.

முகாமில் ஆண்கள் கிடங்கு வாசலில் கூடியிருந்தார்கள். சிலருக்குப் பயம், சிலருக்குக் கோபம். கண்ணகி போராட்டத்தின் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தபோது யோகராசா தலையை ஆட்டினான். அவனுக்கு அது தெரியும். அவன் ஊரில் பரீட்சை எழுதி, நல்ல மார்க் வாங்கி, வேற்று மொழிக்காரனுக்குக் குறைந்த மார்க் போதும் உனக்குப் போதாது என்று சொல்லப்பட்டுப் பல்கலைக்கழக வாசலில் நின்றவன். அங்கேயிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று சொல்வான்.

"எனக்குக் கிடைக்காமல் போனதும், நாட்டாமையிட மகன் கேக்கிறதும் ஒண்டா, வேற வேறயா எண்டு எனக்கு விளங்கேல்லை. ரெண்டு ராத்திரி யோசிச்சுப் பார்த்திட்டன். அது கிடக்கட்டும்," என்றான். "ஏரிக்கு நாங்கள் கேட்டுப் போனது. இது அவையள் கூப்பிட்டது. நாடு விட்டு வந்த பிறகு ஒருத்தன் என்ர வாசலில வந்து நிண்டு என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தரம். வரமாட்டன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

அவன் பின்னால் சாக்குப் படுதாவைப் பிடித்துக்கொண்டு இராசமலர் நின்றாள். கண்ணகியை மட்டும் பார்த்தாள். நீச்சல் தெரியாதவர் கரையில் நிற்பவரைப் பார்ப்பது போல.

சபையில் போய் நீங்களே சொல்லுங்கள் என்று நாட்டாமை சொன்னதை அப்போது கண்ணகி சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் யோகராசா நேரே சபைக்குப் போவான், வருகிறேன் என்றுதான் சொல்வான், மற்றவர்களும் அவன் பின்னால் போவார்கள். அப்புறம் அவனோடு வாதாட வேண்டும், இராசமலருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், மறுபடியும் களத்துமேட்டுக்குப் போக வேண்டும். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. முதுகு வலித்தது.

"நாட்டாமகிட்ட பேசிட்டேன்," என்றாள். "ஒங்கள விட்டுட்டாரு. மலையில, முன்ன அறுக்கப் போனோமே, அந்தக் கரியன் சாமை அறுக்க ஆளு கேக்கறாரு. நாளைக்குக் காலையிலயே போயிடலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் அது பொய் என்று அவளுக்கே உறைத்தது. அத்தனை சுலபமாக வந்துவிட்டது.

மறியலுக்கு முந்தின நாள் வெள்ளிமலைப் பேருந்தில் பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அவளும் போனாள். கீழே இருந்தால் யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். பேருந்து வளைவு வளைவாக ஏறியது. கோமுகி அணை கீழே ஒரு கைக்கண்ணாடி போலச் சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தது. வெள்ளிமலையில் இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்து கரியனின் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முன்பு இரண்டு முறை அவர்களை அறுப்புக்கு அழைத்து வந்திருந்ததால் கரியனும் அவர் மனைவி வெள்ளச்சியும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சாமைக் காடு சரிவு முழுக்க முற்றித் தலைகுனிந்து நின்றது.

கீழே ரோடு முழுக்க அடைக்கப்போகிறார்கள், ஒரு வாரத்துக்கு ஒரு வண்டி போகாது என்று கண்ணகி சொன்னபோது வெள்ளச்சி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு ஒரு வாரம் அடைக்கறாங்க. எங்களுக்கு எப்பத் தொறந்து கெடந்துச்சி?"

கரியன் சிரித்தார். அன்றைக்கு எல்லாருமே சிரித்தார்கள். யோகராசாகூட.

அந்த நாட்கள் விசித்திரமாக இருந்தன. காலையில் பனி, பிறகு அறுப்பு, களி, மறுபடி அறுப்பு. உலகத்தில் வேறெங்கும் எதுவும் நடக்காதது போல அரிவாள் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணகியும் அறுத்தாள். சும்மா இருந்தால் நினைப்பு வந்தது. இரண்டாம் நாள் மதியம் பாறை மேட்டில் ஏறி நின்ற யோகராசா கையைக் காட்டினான். தூரத்தில், சமவெளியில், ஒரே கோட்டில் அங்கங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. சாலை போகிற கோடு அது.

"நாட்டாமை என்ன சொன்னவர்?" என்று கேட்டான். "விட்டுட்டார் எண்டு சொன்னீங்கள். என்ன சொல்லி விட்டவர்? அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ."

கண்ணகி புகையைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டு வரட்டும்னாரு," என்றாள்.

"போயிட்டு வரட்டும்," என்று அவனும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். முகம் தெளிந்துவிட்டது. கீழே இறங்கிப் போய் மற்றவர்களிடமும் அதைச் சொன்னான். சொந்த வீட்டிலிருந்து வந்த சேதியைப் பங்கிட்டுக்கொள்வது போல அவர்கள் அதைச் சொல்லிக்கொண்டார்கள். கண்ணகி அரிவாளை எடுத்துக்கொண்டு தனியே சரிவில் இறங்கினாள்.

கரியன் வீட்டு ரேடியோ மாலைச் செய்தியில் துப்பாக்கிச் சூடு என்றது, பல ஊர்களின் பெயரைச் சொன்னது. கல்லேரி அதில் இல்லை. ஆனால் கைதானவர்களின் ஊர்களை யாரும் படிப்பதில்லை.

வாரம் முடிந்து அவர்கள் நடந்தேதான் இறங்கினார்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலையோரத்துப் புளிய மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. வண்டி போகிற அளவுக்கு மட்டும் கிளைகளை வகுந்து ஒதுக்கியிருந்தார்கள். பழகின சாலையே வேற்றூர்ச் சாலை போல நிழலில்லாமல் வெயிலில் கிடந்தது. கல்லேரியில் ஆண்கள் நடமாட்டமே இல்லை. நாட்டாமை, அவர் பையன், இன்னும் பாதி வீட்டு ஆண்கள் கடலூர்ச் சிறையில் இருந்தார்கள். மீதிப் பேர் கரும்புக் காட்டுக்குள் படுத்துக் கிடந்தார்கள். போலீஸ் முகாமுக்கும் வந்ததாம். உள்ளே எட்டிப் பார்த்து, பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருப்பதைக் கண்டு போய்விட்டதாம்.

இராசமலர் ஓடிவந்து கண்ணகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் தூங்கிய முகம் அவளுக்கு. அட்டை மேலே, கூரைக் கட்டையில், பத்திரமாக இருந்தது. அந்தக் கை சூடாக இருந்ததை மட்டும் கண்ணகி கவனித்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

மறுநாள் காலையிலேயே யோகராசா முகாம் ஆண்களைத் திரட்டிவிட்டான். நாட்டாமை வீட்டு மானாவாரிக் கடலை முற்றி நிற்கிறது, பிடுங்க ஆள் இல்லை. மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. விழுந்தால் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். போயிட்டு வரட்டும் என்று விட்ட மனுசனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றான். அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். அவன் அத்தனை வேகமாக முன்னால் நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள்.

நாட்டாமையின் மனைவி லட்சுமியம்மாள் தனியாகக் காட்டில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழக்கோரத்திலேருந்து வாங்க என்று மட்டும் சொன்னாள். போன வாரம் வரைக்கும் இவர்களை உரிமையோடு வா, போ என்று கூப்பிட்டவள். அந்த வாங்க கண்ணகியின் காதில் விழுந்தது. யோகராசா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் ஏற்கெனவே குனிந்துவிட்டான்.

மதியம் ஆயிற்று. ஊரில் ஒருவர் காட்டுக்கு ஒருவர் உதவிக்குப் போனால் உச்சிப் பொழுதில் அந்த வீட்டுச் சோறு வரும். வீட்டுக்காரியே இலை போட்டுப் பரிமாறுவாள். கூலிக்கு வந்தவர்கள் தங்கள் தூக்குவாளியைத் திறந்துகொள்ள வேண்டியதுதான். லட்சுமியம்மாள் வரப்பில் தனியே உட்கார்ந்து தன் வாளியைத் திறந்தாள். முகாம் ஆண்கள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். மறந்திருப்பா, பாவம், அவர் ஜெயிலில இருக்கிறாரெல்லோ என்று யோகராசா மெல்லச் சொன்னான்.

சாயங்காலம் கடைசிச் செடியும் வந்ததும், லட்சுமியம்மாள் வீட்டிலிருந்து அளக்கிற மரக்காலைக் கொண்டுவரச் செய்தாள். ஆய்ந்து குவித்த கடலையை அதில் அள்ளி, கூலிப் பங்காக வரப்பின் மேல் ஒவ்வொன்றாகக் கொட்ட ஆரம்பித்தாள்.

யோகராசா பதறிப்போனான். "நாங்கள் கூலிக்கு வரேல்லை, அம்மா."

"கூலிக்கு வராதவங்கல்லாம் ரோட்டுக்கு வந்து நின்னாங்க, நீங்க வரல," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. கையும் நிற்கவில்லை. "வெள்ளிக்கெழம வரிக்கும் ஒங்களப் பாத்துக்கினுதான் இருந்தாரு. அவங்க வருவாங்க, இல்லன்னா வந்து சொல்லிட்டாவது போவாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாரு. வண்டியில ஏத்தறப்பக்கூட ஒங்க கெடங்குலேருந்து வர்ற தெக்கால ரோட்டத் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. வாங்கிக்கோங்க. நாளைக்கி மேக்கால காட்டுக்கும் ஆளு வேணும். கூலி இதான்."

யோகராசா மெல்லத் திரும்பிக் கண்ணகியைப் பார்த்தான். அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு இன்னொரு பொய்கூடக் கிடைத்திருக்கும்.

"அவரு விடல," என்றாள் கண்ணகி. "ஒங்களையே வந்து சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல."

பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து ஈர மண்வாசனை வந்துகொண்டிருந்தது. அவன் திட்டுவான் என்று அவள் நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். தன் முன்னால் கொட்டியிருந்த கடலையை இரண்டு கையாலும் வாரித் துண்டில் போட்டு முடிந்தான். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வாரினார்கள்.

"நாளைக்கு வாறம்," என்று லட்சுமியம்மாளிடம் சொன்னான். பிறகு கண்ணகியிடம், ஏறக்குறைய அன்பாகவே, "நீங்கள் வரவேண்டாம், தங்கச்சி. இனி நாங்களே கதைக்கிறம்," என்றான்.

அவர்கள் வரப்போடு வரிசையாகப் போனார்கள். கண்ணகி நின்ற இடத்திலேயே நின்றாள். விரல் நகமெல்லாம் மண். மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் எங்கேயோ இடி உருண்டது. லட்சுமியம்மாள் குனிந்து மரக்காலில் இன்னொரு தரம் கடலையை அள்ளினாள். இவள் பக்கமாக நீட்டினாள்.

"நீயும் காலயிலேருந்து புடுங்கினியே. புடி."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லித் தீர்க்கத் தெம்பு இல்லை. கண்ணகி முந்தானையை விரித்தாள்.